காலியா கிடக்கிற கண்ணீர்ப்புகை ஷெல்லை வச்சு அதோட வரலாற்றை படிக்கிறது எப்படி

போராட்டம் முடிஞ்ச மறுநாள் நியூஸ்ல ஒரு போட்டோ வரும், ரோட்டுல கருகிப்போன ஒரு தகர டப்பா, பக்கத்துல ஒத்தைச் செருப்பு, கீழ "கண்ணீர்ப்புகை குண்டு"ன்னு ரெண்டு வார்த்தை. அவ்ளோதான். ஆனா அந்த டப்பாவை கொஞ்சம் நிதானமா பாத்தா அது எந்த காலத்து டிசைன், எப்படி புகையை வெளிய விட்டிருக்கும், கையால எறிஞ்சதா துப்பாக்கியில இருந்து வந்ததா, எந்த பிரச்சனைக்கு பதிலா இந்த வடிவம் வந்துச்சு, எல்லாத்தையும் ஓரளவு சொல்லிடலாம். நான் ரொம்ப நாளா போட்டோலயும் மியூசியம் கண்ணாடிப் பெட்டியிலயும் இதைத்தான் பாத்துட்டு இருக்கேன், வினோதமான பொழுதுபோக்குன்னு வீட்டுல சொல்லுவாங்க, இருக்கட்டும். எப்படி பாக்குறதுன்னு எனக்கு தெரிஞ்ச வரைக்கும் எழுதுறேன். செய்யுறது எப்படின்னு தேடி வந்திருந்தா இது அது இல்ல.

முதல் வேலை, தொடாதீங்க. நிஜத்துல ஒண்ணு தரையில கிடந்தா, போட்டோ எடுங்க, பக்கத்துல ஒரு ஸ்கேலோ காயினோ வச்சு எடுங்க, கையில எடுக்காதீங்க. காரணம் மூணு நாலு இருக்கு. எரிஞ்சு புகை விடுற வகைன்னா உள்ள இருக்குறது நிஜமான நெருப்பு, அணைஞ்ச மாதிரி இருக்கும் ஆனா கையை வேக வச்சிடும். புகை வரவே இல்லைன்னா அது காலின்னு அர்த்தம் இல்ல, வெடிக்காம நின்னுபோனதா இருக்கலாம், அதுதான் ரொம்ப மோசம். அப்புறம் காலியானதுக்கு மேலயும் பவுடர் ஒட்டியிருக்கும், அதை ஜோப்புல போட்டுட்டு வீட்டுக்கு போனா வீடே தும்மும். நிறைய நாடுகள்ல இதை வச்சிருக்குறதே சட்டப்படி தப்பும் கூட. போட்டோ போதும், நிஜமா போதும்.

ரெண்டாவது, பேரை சரியா புரிஞ்சுக்கணும். இங்கிலீஷ்காரங்க கேஸ்னு சொல்றாங்க, ஆனா இது கேஸ் இல்ல. இப்ப உலகம் பூரா அதிகமா ஓடுற சிஎஸ்ங்குற கண்ணீர்ப்புகை மருந்து சாதாரண வெப்பத்துல ஒரு வெள்ளைப் பவுடர், உருகவே 95 டிகிரி செல்சியஸ் கிட்ட வேணும். அந்த பவுடர் பொடிப்பொடியா காத்துல மிதக்குறதைத்தான் நாம பாக்குறோம். அந்த வகையில நம்ம பேப்பர்காரங்க எழுதுற "கண்ணீர்ப்புகை"தான் சரியான வார்த்தை, இந்தியாவுல எல்லைப் பாதுகாப்புப் படையோட தேகன்பூர் தயாரிப்புக் கூடத்துக்கு கூட "டியர் ஸ்மோக் யூனிட்"னுதான் பேரு, 1976ல ஆரம்பிச்சது. இதை ஏன் இவ்ளோ இழுக்குறேன்னா, ஷெல்லோட வடிவம் மொத்தமும் இந்த ஒரு கேள்வியில இருந்துதான் வருது: கெட்டியா இருக்குற ஒரு பொருளை எப்படி காத்துல ஏத்துறது? எரிச்சு ஏத்தலாம், வெடிச்சு தூவலாம், இல்ல திரவமாவோ நைஸ் பவுடராவோ ஆக்கி உடைஞ்சதும் பரவ விடலாம். நீங்க பாக்குற எந்த ஷெல்லும் இந்த மூணுல ஒண்ணு, சிலது கலவை. முதல்ல இதை முடிவு பண்ணுங்க, மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.

எரியுற வகைன்னா ஓட்டை இருக்கும். மேல மூடியில நாலஞ்சு, இல்ல அடியில ஒண்ணு, இல்ல பக்கவாட்டுல வரிசையா. ஓட்டையை சுத்தி பெயின்ட் கருகி, பழுப்பு கலர் பிசின் மாதிரி வழிஞ்சிருக்கும். உடம்பு முழுசா இருக்கும், கிழிஞ்சிருக்காது. வெடிக்கிற வகைன்னா முழு டப்பாவே கிடைக்காது, பிளாஸ்டிக் சில்லு, ரப்பர் ஓடு, ஃபியூஸோட தலை, அவ்ளோதான் மிஞ்சும். மூணாவது வகையில மூக்கு உடைஞ்ச பிளாஸ்டிக் குப்பி மாதிரி இருக்கும், கருகல் இருக்காது. கருகல் இருக்கா இல்லையான்னு பாக்குற இந்த ஒரு பழக்கமே பாதி வேலையை முடிச்சிடும்.

இப்ப காலத்துக்கு வருவோம். ரொம்ப பழைய சரக்கு, அதாவது முதல் உலகப்போர் காலத்துது, இது எதுலயும் அழகா அடங்காது, ஏன்னா அப்ப உள்ள இருந்தது பெரும்பாலும் திரவம். பிரெஞ்சுக்காரங்க 1914 ஆகஸ்ட்ல 26 மி.மீ. ரைஃபிள் கிரெனேட்ல எத்தில் புரோமோஅசிட்டேட்ங்குற கண்ணீர் வரவைக்கிற திரவத்தை ஊத்தி அடிச்சாங்க, பாரிஸ் போலீஸ் போருக்கு முன்னாடியே வச்சிருந்த சாமான் அது. ஒவ்வொண்ணுலயும் சுமார் 19 சிசி, ஒரு சின்ன மருந்து பாட்டில் அளவு கூட இல்ல, திறந்த வெளியில எதிரிக்கு தெரியவே இல்ல. அடுத்து ஜெர்மன்காரங்க 1914 அக்டோபர்ல பிரான்ஸோட நவ்-ஷாப்பெல்ல ஒரு எரிச்சல் பவுடரை ஷ்ராப்னல் ஷெல்லுக்குள்ளயே (குண்டுமணியை சிதறடிக்கிற பீரங்கி ஷெல்) சேத்து அடிச்சாங்க. ஏன் ஷ்ராப்னலோட சேத்துன்னு கேட்டா, 1899 ஹேக் பிரகடனம் மூச்சடைக்கிற வாயுவை பரப்புறதை மட்டுமே நோக்கமா வச்ச குண்டைத்தான் தடை பண்ணுச்சு, அந்த "மட்டுமே"ங்குற வார்த்தையில புகுந்து வெளிய வந்துட்டாங்க. அதுவும் யாருக்கும் உறைக்கல. 1915 ஜனவரி 31ல போலந்துல இருக்குற போலிமோவ்ல 18,000 ஷெல் வரைக்கும் ஸைலில் புரோமைடுங்குற இன்னொரு கண்ணீர் திரவத்தை அடிச்சாங்க, குளிர்ல அது ஆவியாகாம உறைஞ்சே போச்சு. தொடர்ந்து மூணு தோல்வி பாருங்க. உள்ள என்ன மருந்து இருக்குங்குறதை விட அது எப்படி வெளிய வரப்போகுதுங்குறதுதான் பெரிய தலைவலின்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

இந்த காலத்து ஷெல்லை மியூசியத்துல பாத்தா சாதாரண பீரங்கி ஷெல் மாதிரிதான் இருக்கும், மேல இருக்குற பெயின்ட் குறியீடு மட்டும்தான் வித்தியாசம். அதனால வடிவத்தை வச்சு பேசாதீங்க, குறியீட்டை படிங்க.

போர் முடிஞ்சதும் கதை போலீஸ் பக்கம் திரும்புது. அமெரிக்க ராணுவத்தோட ரசாயனப் போர் பிரிவுக்கு தலைவரா இருந்த ஆமோஸ் ஃபிரைஸ், போர் இல்லாத காலத்துல தன் டிபார்ட்மென்ட்டை மூடிடுவாங்களோன்னு பயந்து கண்ணீர்ப்புகையை உள்ளூர் போலீசுக்கு தள்ளிவிட ஆரம்பிச்சாரு, 1920கள்ல அது ஒரு வியாபாரமாவே ஆயிடுச்சு. மருந்து சிஎன், அதாவது சிஎஸ்ஸுக்கு முன்னாடி ஓடுனது, டப்பா தகரம். இதுதான் நாம இன்னைக்கும் மனசுல வச்சிருக்குற உருவம், பால்பவுடர் டின்னை சின்னதாக்குன மாதிரி உருளை, மேல பின், லீவர், சுத்தி ஓட்டை. லேபிள்ல பிட்ஸ்பர்க் ஃபெடரல் லேபரட்டரீஸ்னோ கிளீவ்லேண்ட் லேக் ஈரி கெமிக்கல்னோ இருந்தா கண்ணை மூடிட்டு அந்த காலத்து அமெரிக்க சரக்குன்னு சொல்லலாம். சரி, கண்ணை மூட வேணாம், ஃபெடரல் பேர் அதுக்கப்புறமும் ரொம்ப நாள் ஓடுச்சு, அதனால தேதியையும் பாருங்க. 1932 ஜூலை 28ல வாஷிங்டன்ல போனஸ் கேட்டு கூடாரம் போட்டிருந்த பழைய சிப்பாய்களை துரத்துனப்ப எடுத்த போட்டோ இணையத்துல கிடைக்கும், பழகிக்க நல்ல இடம். 1930கள்ல ஆலை முதலாளிங்களே ஸ்ட்ரைக்கை உடைக்க இதை மொத்தமா வாங்கி குவிச்சது அமெரிக்க செனட்டோட லா ஃபோலெட் கமிட்டி விசாரணையில வெளிய வந்துச்சு, அதனால அந்த காலத்து சரக்கு போலீஸ்துன்னு மட்டும் நினைக்காதீங்க, கம்பெனி கேட்லயும் இருந்துச்சு.

இதே காலத்துல லத்திக்குள்ள புகை, ஃபவுண்டன் பேனா வடிவத்துல புகைத் துப்பாக்கின்னு விதவிதமா வித்தாங்க. பழைய சாமான் சந்தையில பேனா மாதிரி இருந்து மூடி திருகுனா உள்ள ஸ்பிரிங் தெரிஞ்சா கீழ வச்சிடுங்க. இன்னொண்ணு, பழைய இரும்புப் பெட்டிங்களோட கதவுக்குப் பின்னாடி திருடனுக்கு பொறியா கண்ணாடிக் குப்பியில கண்ணீர் வரவைக்கிற திரவத்தை வச்சு பொருத்தியிருப்பாங்க, பெட்டியை உடைச்சா குப்பி உடையும். இன்னைக்கும் பூட்டு மெக்கானிக்குங்க அதுல மாட்டுறாங்க. நம்ம தலைப்புக்கு கொஞ்சம் வெளியதான், ஆனா சொல்லாம விட மனசு வரல.

இனிதான் எனக்கு பிடிச்ச பகுதி. தகர டப்பாவுல ஒரு பெரிய ஓட்டை இருக்கு, நான் சொல்றது யோசனையில இருக்குற ஓட்டை. அது எரிஞ்சு முடிய நேரம் ஆகும், அந்த நேரத்துக்குள்ள ஒருத்தர் கையில துணியை சுத்திக்கிட்டு அதை எடுத்து எறிஞ்ச பக்கமே திருப்பி எறிஞ்சிடலாம். எறியவும் எறிஞ்சாங்க. அடுத்த அம்பது அறுபது வருஷ டிசைன்ல பாதிக்கு மேல இந்த ஒரு கைக்கு சொன்ன பதில்தான். அதனால புதுசா ஒரு ஷெல்லை பாக்கும்போது "இதை திருப்பி எறிய முடியாம பண்ண என்ன செஞ்சிருக்காங்க"ன்னு கேளுங்க, உடனே குடும்பம் பிடிபட்டுடும்.

ஒரு பதில், எரிக்காம வெடிக்கிறது. அமெரிக்க ராணுவத்தோட எம்25 வரிசை அப்படி, பேஸ்பால் மாதிரி உருண்டை, பிளாஸ்டிக் உடம்பு, பவுடரை ஒரே அடியில தூவிட்டு காணாம போயிடும், திருப்பி எறிய ஒண்ணும் மிஞ்சாது. ஆனா சில்லு தெறிக்கும், கையிலயோ முகத்துக்கு பக்கத்துலயோ வெடிச்சா கதை வேற. இந்த வழியோட எல்லையை பாக்கணும்னா பிரான்ஸோட ஜிஎல்ஐ-எஃப்4ஐ பாருங்க, கண்ணீர்ப்புகையோட 25 கிராம் டிஎன்டியும் சேந்தது, எடுத்து எறியப் போனவங்களுக்கு கையே போச்சு, 2020 ஜனவரில அரசாங்கமே நிறுத்திடுச்சு. இதை கண்ணீர்ப்புகை லிஸ்ட்ல வச்சதே ஏமாத்து வேலைன்னுதான் நான் நினைக்கிறேன்.

ரெண்டாவது பதில், ஓட விடுறது. ரப்பர் உடம்புள்ள உருண்டை, புகை பீறிட்டு வர்ற வேகத்துல தரையில தாறுமாறா துள்ளிட்டே இருக்கும், பிடிக்க முடியாது. உருகிப்போன கருப்பு ரப்பர் பந்து, ஒண்ணு ரெண்டு ஓட்டை, நடுவுல உலோக ஃபியூஸ், அப்படி இருந்தா இதான். மூணாவது பதில் பிரிக்கிறது. டிரிபிள் சேசர்னு ஒண்ணு, எறிஞ்சதும் மூணு துண்டா பிரிஞ்சு தனித்தனியா உருளும். போட்டோல ஒரே மாதிரி மூணு குட்டி அலுமினிய டப்பா தள்ளித்தள்ளி கிடந்தா மூணு குண்டுன்னு எண்ணிடாதீங்க, ஒண்ணா இருக்கலாம். பிரெஞ்சு சரக்குல இது இன்னும் ஒரு படி மேல, சிஎம்6ல ஆறு வில்லை, எம்பி7ல ஏழு வில்லை, வானத்துலயே சிதறி விழும். ரோட்டுல கேரம் காய் அடுக்குன மாதிரி தடிச்ச வில்லைங்க எரிஞ்ச நிலையில கிடந்தா பிரெஞ்சு வகைன்னு முதல்ல சந்தேகப்படுங்க. ஏழையும் ஒருத்தர் எடுத்து எறிய முடியாது, அதான் கணக்கு. ஹாங்காங்ல 2019ல ஜனங்க எறியுறதை விட்டுட்டு டிராஃபிக் கூம்பை கவுத்து மேல இருந்து தண்ணி ஊத்தி அணைக்க ஆரம்பிச்சாங்க, அதுக்கு என்ன டிசைன் வருதோ தெரியல.

மருந்தும் நடுவுல மாறிடுச்சு, அதை ஒரு பாராவுல முடிச்சிடுறேன். சிஎஸ்ஸை 1928ல அமெரிக்காவோட மிடில்பரி காலேஜ்ல கார்சன், ஸ்டவ்டன்னு ரெண்டு பேர் உண்டாக்குனாங்க, அவங்க பேரோட முதல் எழுத்துதான் சி, எஸ். முப்பது வருஷம் அது அலமாரியில தூங்குச்சு. 1950கள்ல பிரிட்டனோட ராணுவ ரசாயன ஆராய்ச்சிக் கூடமான போர்ட்டன் டவுன்ல எடுத்து வளத்தாங்க, 1958ல சைப்ரஸ்ல பயன்படுத்துனாங்க, 1959ல அமெரிக்க ராணுவம் சிஎன்னை தள்ளிட்டு இதை எடுத்துக்குச்சு. 1969 ஆகஸ்ட்ல வடக்கு அயர்லாந்துல இருக்குற டெர்ரியோட போக்சைடு பகுதியில பிரிட்டன் தன் சொந்த மண்ணுலயே அடிச்சுது. ஸோ லேபிள்ல சிஎஸ்னு இருந்தா பெரும்பாலும் 1950களோட கடைசிக்கு அப்புறம். சிஎன்னுன்னு இருந்தா பழசுன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அது அதுக்கப்புறமும் விக்கிற சரக்குதான்.

அடுத்து விட்டம். வெர்னியர் காலிபர் இருந்தா அருமை, போட்டோன்னா பக்கத்துல இருக்குற காயினை வச்சு கணக்கு போடுங்க. 37, 38 மி.மீ.ன்னு ரெண்டு நம்பர் பாத்து குழம்பாதீங்க, ரெண்டும் ஒன்றரை இன்ச் குடும்பம்தான், போலீஸ் வழி வந்தது, துப்பாக்கிக் குழலுக்குள்ள குண்டை சுழல வைக்கிற வரி பெரும்பாலும் இருக்காது. 40 மி.மீ. ராணுவ வழி, 1961ல வந்த எம்79 லாஞ்சரோட கிரெனேட் அளவு, குழல்ல சுழல் வரி உண்டு, அதனால சுட்ட குண்டோட உடம்புல சாய்வா கீறல் விழுந்திருக்கும். அந்த கீறல் போட்டோல தெரிஞ்சா லாட்டரி அடிச்ச மாதிரி. 56 மி.மீ.ன்னா பிரெஞ்சு கூகர் லாஞ்சர் பக்கம் போங்க. அப்புறம் எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு, உறையையும் குண்டையும் குழப்பிக்கிறது. அடியில நடுவுல ஊசி குத்துன பள்ளம் இருந்தா அது உறை, சுட்டவர் கால்மாட்டுல விழுறது. குண்டு தூரத்துல போய் விழும். உறையை மட்டும் வச்சுக்கிட்டு "இங்கதான் விழுந்துச்சு"ன்னு சொன்னா எதிர்ப்பக்கம் ஒரே வரியில உடைச்சிடுவாங்க.

கருகாத பிளாஸ்டிக் வகையை பத்தி தனியா சொல்லணும். வீட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்குறவங்களை வெளிய எடுக்க, கதவை ஜன்னலை துளைச்சு உள்ள போய் உடையுற மாதிரி ஃபெரட்னு ஒரு வகை வந்துச்சு, பின்னாடி சிறகு மாதிரி துடுப்பு இருக்கும், நெருப்பு கிடையாது, வீடு பத்திக்கக் கூடாதுன்னுதான் அந்த டிசைனே. 1993ல டெக்சாஸோட வேக்கோல ஒரு மதக்குழு அடைஞ்சு கிடந்த கட்டடத்தை முற்றுகை போட்டப்ப எஃப்பிஐ இதை நூத்துக்கணக்குல அடிச்சுது. ஏப்ரல் 19ல அந்த கட்டடம் எரிஞ்சுபோச்சு. எரியுற வகை எதையும் பயன்படுத்தலன்னு வருஷக்கணக்கா சொல்லிட்டு 1999ல எம்651ங்குற எரியுற ராணுவ ரவுண்டும் சிலது சுட்டோம்னு ஒத்துக்கிட்டாங்க. 2000ல வந்த விசாரணை, அந்த ரவுண்டுங்க தீ பிடிக்கிறதுக்கு பல மணி நேரம் முன்னாடி சுட்டது, தீக்கு அது காரணம் இல்லன்னு முடிவு சொல்லுச்சு. ஆனா மறைச்சது மறைச்சதுதான். ஒரு உறை எந்த வகைன்னு சரியா எழுதி வைக்கிறது எவ்ளோ பெரிய விஷயமா மாறும்னு இதை விட நல்ல உதாரணம் எனக்கு தெரியாது.

அந்த எம்651 பேரை மறக்காதீங்க, திரும்ப வருது. 2019 அக்டோபர்ல பாக்தாத்ல போராடுனவங்க மண்டையில கண்ணீர்ப்புகை குண்டு பாஞ்சு செத்தாங்க. மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் எக்ஸ்ரே, வீடியோ எல்லாம் பாத்து ஆராய்ஞ்சுது. சாதாரண போலீஸ் குண்டு 25ல இருந்து 50 கிராம், இதுங்க 220ல இருந்து 250 கிராம், ராணுவ வகை, மேல்நோக்கி வளைச்சு சுடாம நேரா சுட்டிருக்காங்க. முதல்ல செர்பியாவும் பல்கேரியாவும்னு சொன்னாங்க, அப்புறம் இன்னும் தோண்டிப் பாத்து பல்கேரியான்னு நினைச்சது ஈரான்ல செஞ்ச எம்651னு திருத்துனாங்க. அமெரிக்க மாடல் பேரு, ஈரான் தயாரிப்பு. பெரிய அமைப்பே, அனுபவம் இருக்குறவங்களே, முதல் தடவை தப்பா அடையாளம் சொல்லிட்டு திருத்துறாங்கன்னா நாம எம்மாத்திரம். மாடல் நம்பர்ங்குறது ஊரு இல்ல, வெறும் பேரு, யார் வேணா வச்சுக்கலாம்.

கடைசியா எழுத்தும் கலரும். அமெரிக்க ராணுவ வழியில சாம்பல் உடம்பு, சிவப்பு பட்டைன்னா கலவரத் தடுப்பு மருந்து. தனியார் கம்பெனிங்க தனக்குன்னு ஒரு முறை வச்சிருக்கும், ஒரு பெரிய அமெரிக்க பிராண்டுல நீலம் சிஎஸ், சிவப்பு சிஎன், ஆரஞ்சு மிளகாய்ச் சாறு. ஆனா இன்னொரு கம்பெனியில நீலத்துக்கு வேற அர்த்தம் இருக்கலாம், கலரை மட்டும் வச்சு தீர்ப்பு எழுதாதீங்க. லாட் நம்பர், தயாரிச்ச மாசம், எக்ஸ்பைரி, மூணையும் தனித்தனி க்ளோஸ்அப் எடுங்க, வெளிச்சத்தை பக்கவாட்டுல இருந்து அடிச்சா அழுத்தி அடிச்ச எழுத்து நல்லா தெரியும். 2011ல எகிப்தோட தஹ்ரீர் சதுக்கத்துல ஜனங்க கையில தூக்கிக் காட்டுன டப்பாவுல "மேட் இன் யுஎஸ்ஏ"ன்னு இருந்தது உலகம் பூரா போச்சு. பஹ்ரைனுக்கு போக இருந்த 16 லட்சம் ரவுண்டு டெண்டர் 2013ல லீக் ஆகி, அடுத்த ஜனவரில தென்கொரியா ஏத்துமதியை நிறுத்துச்சு. ஆதாரம்னு ஒண்ணு கையில இருந்தா நடக்குறது இது.

எழுதி வைக்கும்போது பாத்ததையும் யூகிச்சதையும் ஒரே வரியில கலக்காதீங்க. "அலுமினியம், விட்டம் சுமார் 38 மி.மீ., அடியில ஒரு ஓட்டை, நீல எழுத்து" அப்படின்னு முதல்ல, "அமெரிக்க சிஎஸ்ஸா இருக்கலாம்" அப்படின்னு தனியா கீழ. பாதி உருகிப்போச்சு, எழுத்து இல்லன்னா தெரியலன்னே எழுதுங்க, கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல. மேல இருந்து விழுந்ததான்னும் விசாரிங்க, 2018ல காஸால டிரோன்ல இருந்து போட ஆரம்பிச்சதுல இருந்து உறையே இல்லாத சம்பவங்களும் வருது, பக்கத்துல லாஞ்சர் உறையை தேடி நேரத்தை வீணாக்காதீங்க. போட்டோவோட ஒரிஜினல் ஃபைலை அப்படியே வைங்க, வாட்ஸ்அப்ல அனுப்புனா உள்ள இருக்குற தேதி, நேரம் எல்லாம் போயிடும்.

எவ்ளோ சொல்லியும் தொட்டுட்டீங்கன்னா கண்ணை கசக்காதீங்க, நல்ல காத்து வர்ற இடத்துக்கு போங்க, சோப்பும் குளிர்ந்த தண்ணியும் போட்டு கழுவுங்க, சட்டையை தலை வழியா இழுக்காம கழட்டி தனிப் பையில கட்டி, மத்த துணியோட சேக்காம தனியா துவைங்க.